செவ்வெழுத்தும் சிறு கொப்புளமும்

1982 ஆகஸ்டுத் திங்கள், அமெரிக்க நாட்டு 'டைம்' வார ஏடு ஹெர்ப்பிஸ் என்னும் நோயை இக்காலச் செவ்வெழுத்து என்று அட்டையிலே பொறித்து வெளியிட்டது. செவ்வெழுத்து யாது? 1850-இல் ஹாதார்ன் தீட்டிய புதினத்திலே, பிறன்பால் உறவு கொண்டாள் என்று ஊரார் ஒரு பெண்ணின் மார்பிலே அணிவித்த பழிச்சின்னம்! உறவிலே பங்கு இருவருக்கு. எழுத்தோ அவளுக்கு மட்டும்!

அதே 1982-இல்தான் இந்நோய்க்கான அசைக்ளோவிர் என்னும் மருந்தும் அந்நாட்டிலே ஒப்புதல் பெற்றது. அதன் ஆக்கத்தில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியன் எனும் பெண்மணி 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அறிவு மருந்து தந்த ஆண்டிலேயே அச்சம் பழியைத் தந்தது!

இல்லந்தோறும் இன்றும் எழும் கேள்வி, "யார் கொண்டு வந்தது?" என்பதே. விரல் பெரும்பாலும் மனைவியை நோக்கியே நீள்கிறது. விஞ்ஞானம் கூறுவதென்ன?

இந்த வைரஸ் இரு வகையினது என்பதை 1962-இல் ஜெர்மானியர் ஷ்னெவைஸ் காட்டினார். முதல் வகை பெரும்பாலும் வாயிலே. இரண்டாம் வகை பிறப்புறுப்பிலே. வாய்வழி உறவால் முதல் வகையும் அங்குப் பரவும். நரம்பு முடிச்சிலே வாழ்நாளெல்லாம் தங்கும். பல்லாண்டு ஓசையின்றி உறங்கும். புண்ணே இல்லாத நாளிலும் தோலின் வழியே தொற்றும். தமக்கு நோயுண்டு என்று அறியாதோரே மிகப் பலர். 2020-இல் 15 முதல் 49 வயதுடையோரில் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அத்தனை பேரும் ஒழுக்கங்கெட்டவரோ?

சோதனையின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். புதிய புண்ணிலிருந்து நீரெடுத்துச் சோதித்தல் சிறந்தது. இரத்தச் சோதனை, தொற்றிய பின் உடலில் தோன்றும் எதிர்ப்புப் பொருளையே தேடுகிறது. அது தென்படப் பன்னிரண்டு வாரங்கள் வரையும் ஆகலாம். சில வேளை இல்லாத நோயை உண்டென்றும் காட்டும். எந்நாளில், எவரிடமிருந்து வந்தது என்று அது ஒருபோதும் கூறாது. சோதனைத் தாள் குற்றப் பத்திரிகை ஆகாது!

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, "இனி எப்படிக் காப்பது?" என்பதாம். புண்ணோ, அதற்கு முன்வரும் எரிச்சலோ உள்ள நாளில் உறவைத் தவிர்ப்போம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றும் நீக்காது. நாள்தோறும் வாலசைக்ளோவிர் உட்கொண்டோரிடமிருந்து துணைவருக்குப் பரவுதல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கருவுற்றோர் மருத்துவரிடம் மறைத்தலாகாது. மகப்பேற்றை ஒட்டிப் புதிதாகத் தொற்றினால் சேய்க்கும் கேடு.

இருவரும் மனந்திறந்து பேசட்டும்; இருவருமே மருத்துவரிடம் செல்லட்டும். ஒருத்தியின் மார்பிலே எழுத்துப் பொறிக்கும் வழக்கத்தை நாம் ஒழிப்போம்!