வேகமும் தண்டப்பணமும்

வேகமாக ஓட்டியதற்காகத் தண்டம் இறுத்துவிட்டு வீடு திரும்பும் மோட்டார்ச் சாரதி ஒருவர், தாம் இழைத்த குற்றத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பொலிஸ்காரர் எந்த மரத்தின் பின்னால் மறைந்து நின்றார் என்பதைப் பற்றியே பேசுகிறார். களவு செய்தவன் ஊரார் முகத்தில் விழிக்க நாணுகிறான். வேகமாக ஓட்டி அகப்பட்டவரோ தம் கதையைச் சுவைபட எடுத்துச் சொல்கிறார். கேட்போரும் அவர் பக்கமே நின்று இரங்குகின்றனர். இந்த விந்தையான மனப்பான்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை இங்கிலாந்திலே மிகத் தெளிவாகக் காணலாம். நமது நாட்டு மோட்டார்ச் சட்டங்களும் ஆங்கில ஆட்சியின் வழியாகவே வந்தமையால் அக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

குதிரையின்றித் தானே ஓடும் வண்டிகளுக்கு 1865ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊர்களுக்குள் 2 மைல், இதுவே அச்சட்டம் விதித்த எல்லை. வண்டியொன்றுக்கு மூவர் பொறுப்பாக இருத்தல் வேண்டும். அவர்களுள் ஒருவர் 60 யார் முன்னே செங்கொடி ஏந்தி நடந்து செல்லுதல் வேண்டும். இன்று கேட்போருக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் அச்சட்டம் எழுந்த காலத்தில் வீதியில் ஓடியவை பல தொன் எடையுள்ள நீராவி இயந்திரங்கள் என்பதை மறத்தலாகாது. அவை வீதியைச் சிதைத்தன. குதிரைகளை மிரளச் செய்தன. செங்கொடி கட்டாயம் என்னும் விதி 1878இலேயே தளர்த்தப்பட்டது. ஆனால் முன்னே நடக்கும் மனிதர் மட்டும் மேலும் பதினெட்டு ஆண்டுகள் நடந்துகொண்டேயிருந்தார்.

இந்நிலையில்தான் 1896ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் கென்ற் மாகாணத்துப் படொக் வூட் என்னும் ஊரின் வழியே வால்டர் ஆர்னல்ட் என்பவர் தமது மோட்டார் வண்டியைச் செலுத்தி வந்தார். முன்னே நடப்பதற்கு எவரும் இல்லை. வேகம் மணிக்கு 8 மைல், அதாவது ஊருக்குள் அனுமதிக்கப்பட்டதைப்போல் நான்கு மடங்கு. இதனைக் கண்ட பொலிஸ்காரர் ஒருவர் தமது துவிச்சக்கர வண்டியில் ஏறி, ஏறக்குறைய 5 மைல் தூரம் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். துவிச்சக்கர வண்டியால் பிடிபடக்கூடிய வேகத்துக்காக ஒருவர் நீதிமன்றம் ஏறினார் என்பதே இக்கதையின் சுவை. அவர்மீது வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. வேகக் குற்றத்துக்கு விதிக்கப்பட்ட தண்டம் ஒரு ஷில்லிங், வழக்குச் செலவு தனி. வேகத்துக்காகத் தண்டம் இறுத்த முதல் மோட்டார்ச் சாரதி என்று உலகம் இவரைக் குறிப்பிடுகின்றது. ஆர்னல்ட் மோட்டார் வண்டிகளை வரவழைத்து விற்றவர்; ஆகவே அந்த ஒரு ஷில்லிங்கை அவர் மலிவான விளம்பரச் செலவாகவே எண்ணியிருந்தாலும் வியப்பில்லை.

அதே 1896ஆம் ஆண்டில் வேறிரண்டு நிகழ்ச்சிகளும் நடந்தன. ஓகஸ்ட் 17ஆம் நாள் இலண்டனில் பளிங்கு மாளிகைத் தோட்டத்தில், காட்சிக்காக ஓட்டப்பட்ட மோட்டார் வண்டியொன்று பிரிட்ஜெற் டிறிஸ்கொல் என்னும் பெண்மணியை மோதிக் கொன்றது. பிரித்தானியாவில் மோட்டார் காரினால் மாண்ட முதற் பாதசாரி அவரே. விசாரணையில் அது தற்செயலான மரணம் எனத் தீர்க்கப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சி இனி ஒருபோதும் நேராது என நம்புவதாக மரண விசாரணை அதிகாரி கூறினார். மூன்று மாதம் கழிந்து, நவம்பர் 14ஆம் நாள், புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னே நடந்தவருக்கு விடுதலை கிடைத்தது. வேக எல்லையைச் சட்டம் 14 மைலாக உயர்த்த, அதிகாரிகள் அதனை 12 மைலாகக் குறைத்தனர். அன்று மோட்டார் அன்பர்கள் இலண்டனிலிருந்து பிறைற்றன் நகருக்கு ஊர்வலமாகப் புறப்பட்டனர். புறப்படுமுன் நடந்த காலை விருந்திலே ஒரு பிரபு செங்கொடியைக் கிழித்தெறிந்தார். கிழிந்த கொடியை நினைவுகூர்ந்து இன்றும் ஆண்டுதோறும் பிறைற்றனுக்குப் பழைய கார்கள் ஓடுகின்றன. டிறிஸ்கொல் அம்மையாருக்கு அத்தகைய விழா எதுவும் இல்லை.

1903ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை 20 மைலாக உயர்த்தியது. அத்துடன் வண்டிக்கு இலக்கத் தகட்டையும் சாரதிக்கு அனுமதிப்பத்திரத்தையும் கட்டாயமாக்கியது. இதன் பின்னரே போர் மூண்டது எனலாம். பொலிசார் வீதியில் ஒரு தூரத்தை, பெரும்பாலும் ஒரு பேர்லாங், அதாவது 220 யார், அளந்து வைப்பர். ஒரு முனையில் ஒருவரும் மறு முனையில் ஒருவருமாக வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து, கடிகாரத்தைக் கொண்டு கணக்கிடுவர். மணிக்கு 20 மைல் வேகத்தில் அத்தூரத்தைக் கடக்க 22½ விநாடி செல்லும். கடிகாரம் ஒரு விநாடி பிழைத்தாலும் கணக்கில் ஏறக்குறைய ஒரு மைல் கூடிவிடும். ஆகவே சாரதிகளின் முறைப்பாடு முழுவதும் பொய்யன்று. ஆனால் அவர்களை உண்மையில் உறுத்தியது கடிகாரத்தின் பிழையன்று என்பது என் எண்ணம். அக்காலத்தில் மோட்டார் வண்டி செல்வரின் உடைமை. பொலிஸ்காரர் ஏழைக் குடும்பத்தவர். அதுவரை தம்மைக் கண்டு தொப்பியைத் தொட்டு வணங்கிய ஒருவர் கையை நீட்டித் தம்மை வீதியில் நிறுத்துவதைக் கனவான்களால் பொறுக்க முடியவில்லை.

1905ஆம் ஆண்டில் மோட்டார்ச் சாரதிகள் சிலர் கூடி ஒரு சங்கத்தை அமைத்தனர். இன்று நடுவழியில் நின்றுவிட்ட கார்களைப் பழுதுபார்க்கும் பெருநிறுவனமாக விளங்கும் மோட்டார்ச் சங்கம் அதுவே. அதன் முதல் நோக்கம் வேறு. துவிச்சக்கர வண்டிகளில் ஆட்களை அனுப்பிப் பொலிசார் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டறிந்து சாரதிகளை எச்சரிப்பதே அது. 1910ஆம் ஆண்டில் ஒரு வழக்கில், எல்லை மீறி ஓட்டிக்கொண்டிருப்பவரை இவ்வாறு எச்சரிப்பது பொலிசாரின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்தார் சளைக்கவில்லை. அவர்களது ஆட்கள் உறுப்பினரின் காரைக் கண்டால் வணக்கம் செலுத்துவது வழக்கம். வணக்கம் செலுத்தாவிடின் காரை நிறுத்தி அதற்குரிய காரணத்தைக் கேளுங்கள் என்று உறுப்பினருக்கு அறிவுறுத்தப்பட்டது. வணங்காமல் இருந்தமைக்காக ஒருவரை எந்த நீதவான் தண்டிக்க முடியும்? நமது நாட்டு வீதிகளில் எதிரே வரும் சாரதி பகலிலே முன்விளக்கை இருமுறை மின்னச்செய்து காட்டும் செய்தியும் இந்த வணங்கா வணக்கத்தின் இனத்தைச் சேர்ந்ததே.

எல்லை இருபதாகவே நிற்க, வண்டிகளின் ஆற்றல் வளர்ந்துகொண்டே சென்றது. எவரும் மதியாத சட்டம் ஏனைய சட்டங்களின் மதிப்பையும் கெடுக்கும் என்னும் வாதம் வலுத்தது. 1930ஆம் ஆண்டில் பாராளுமன்றம் கார்களுக்குரிய வேக எல்லையை அடியோடு நீக்கியது. பலன் யாது? 1934இல் பிரித்தானிய வீதிகளில் மாண்டோர் தொகை 7,343. மாண்டோருள் ஏறக்குறைய பாதிப்பேர் பாதசாரிகள்.

அவ்வாண்டில் எல்லையை மீண்டும் விதிக்கும் மசோதா விவாதிக்கப்பட்டபோது, மூர் பிரபாசன் என்னும் உறுப்பினர் அதனை எதிர்த்துப் பேசினார். பிரித்தானியாவில் விமான மோட்டிக்குரிய முதலாம் இலக்கச் சான்றிதழைப் பெற்றவர் அவர். வேகத்தை நன்கு அறிந்தவர். முற்காலத்தில் கார்கள் எத்தனையோ கோழிகளைக் கொன்றன என்றும், நாய்கள் இப்பொழுது கார்களுக்கு விலகிக்கொள்ளப் பழகிவிட்டன என்றும், மக்களும் காலப்போக்கில் அவ்வாறே பழகிக்கொள்வர் என்றும் கருத்துப்பட அவர் பேசினார். இது கொடிய மனிதரின் பேச்சன்று. ஆற்றலும் நகைச்சுவையும் மிக்க ஒருவரின் பேச்சு. அதனாலேயே அது நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. வண்டியின் உள்ளிருந்து பார்ப்பவருக்கு வீதியில் நடப்பவர் எவ்வாறு தோன்றுகிறார் என்பதை இதனினும் வெளிப்படையாக எவரும் கூறியதில்லை.

மசோதா நிறைவேறியது. 1935 மார்ச் 18 முதல் குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு யூன் முதல் புதிய சாரதிகளுக்குப் பரீட்சையும் கட்டாயமாயிற்று. பெருவீதிகள் அதன் பின்னும் முப்பது ஆண்டுகள் கட்டின்றிக் கிடந்தன. 1965இல் மூடுபனிக் காலத்து மோதல்களைக் கண்டபின், திசெம்பர் 22ஆம் நாள், சோதனையாக 70 மைல் எல்லை விதிக்கப்பட்டது. 1967இல் அது நிலைபெற்றது.

வேலிக்குப் பின்னிருந்த பொலிஸ்காரரின் இடத்தை இப்பொழுது பெரிதும் புகைப்படக் கருவி பிடித்துக்கொண்டது. இக்கருவியைத் தோற்றுவித்தவர் மொறிஸ் கற்சோனிடெஸ் என்னும் ஒல்லாந்தர். 1953ஆம் ஆண்டு மொன்டி கார்லோ மோட்டார்ப் போட்டியில் வென்ற வீரர். வளைவுகளில் தமது வேகம் எவ்வளவு எனக் கண்டறிந்து, இன்னும் வேகமாக ஓட்டுவதற்காகவே அவர் அளவுகருவி ஒன்றை அமைத்தார். அதன் வழியில் வந்த கருவிகளே பிற்காலத்தில் பல நாடுகளின் சாரதிகளைத் தண்டம் இறுக்க வைத்தன. பிரித்தானியாவில் நிலையான வேகக் கருவி 1992இல் முதன்முதலாக நிறுவப்பட்டது. கருவிக்குக் கடிகாரப் பிழையும் இல்லை. முகம் பார்க்கும் வழக்கமும் இல்லை. ஆயினும் பழைய முறைப்பாடு மட்டும் மாறவில்லை: ஒளிந்திருந்து பிடிக்கிறார்கள், பணம் பறிக்கிறார்கள் என்பதே அது. அதற்கு இணங்கிக் கருவிகளுக்கு மஞ்சள் நிறம் பூசி யாவரும் காணும்படி வைக்குமாறு 2001இல் அரசாங்கம் பணித்தது. மோட்டார்ச் சங்கத்தின் துவிச்சக்கர வண்டி ஆட்கள் செய்த எச்சரிக்கையை அரசாங்கமே தன் செலவில் செய்யத் தொடங்கியது எனலாம்.

2023 செப்டெம்பர் 17ஆம் நாள் வேல்ஸ் நாட்டு அரசாங்கம், மக்கள் குடியிருக்கும் வீதிகளின் பொது எல்லையை 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தது. அதனை எதிர்த்து எழுந்த மனுவில் 4 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். அந்நாட்டின் மக்கள்தொகையோ ஏறக்குறைய 31 இலட்சம். மனுவில் ஒப்பமிட்டோருள் பலர் தம் வீட்டு வாசலிலே அந்த எல்லையை விரும்பியிருப்பர் என்றே நினைக்கிறேன். அடுத்த ஊருக்கூடாகச் செல்லும்போதுதான் அது அவர்களுக்குக் கசந்திருக்கும். 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வேலிக்குப் பின்னிருந்து பொலிஸ்காரர் கணக்கிட்டதும் இதே 20 மைல் எல்லையைத்தான்.