மிரர் என்ற பெயர்

சித்தையன்கோட்டையில் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறவர் கேட்டு வாங்குவது நகல். வீட்டில் பீரோவுக்குள் இருப்பது அசல். இரண்டும் அரபுச் சொற்கள். பாரசீகமும் உருதுவும் கடந்து நம் பத்திரப் பேச்சில் கலந்தவை. ‘அஸ்ல்’ என்றால் வேர். ‘நக்ல்’ என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது. கொண்டுபோனதோடு உறவு அறுந்துவிடும். அசல் கிழிந்தாலும் நகல் கிழியாது.

கடைக் கணினியில் இரண்டு ஹார்டு டிஸ்க் பூட்டி, எழுதுவதை இரண்டிலும் ஒருசேர எழுதவைக்கும் ஏற்பாட்டுக்கு நகல் என்ற சொல் பொருந்தாது. அதற்கு வழங்கும் பெயர் மிரர், கண்ணாடி. கண்ணாடிக்குப் பழைய அகராதிகள் தரும் பெயர்களில் ஒன்று படிமக்கலம். எதிரே நிற்பவர் நகர்ந்தால் படிமமும் நகரும். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் போய்விடும். இந்தக் குணத்தை மிரர் என்ற பெயர் ஒளிக்காமல் சொல்கிறது. ஆனாலும் மிரர் போட்டாயிற்று, இனி பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

இந்த ஏற்பாடு பழையது. 1974-இல் தொடங்கிய டாண்டெம் நிறுவனம், நிற்காமல் ஓடவேண்டிய தன் கணினிகளில் டிஸ்க்குகளை இப்படி இணைத்தது. 1988-இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஒரு கட்டுரையில் இதற்கு முதல் நிலை என்று எண் கொடுத்தார்கள். ‘ரெய்டு ஒன்று’ வந்தது அங்கிருந்துதான். நம் ஊரில் ரெய்டு என்றால் வருமான வரிச் சோதனை. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. டிஸ்க் ரெய்டு நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. அதில் ‘ஐ’ முதலில் ‘இன்எக்ஸ்பென்சிவ்’, அதாவது விலை குறைந்தது. 7,500 மெகாபைட் கொண்ட ஐபிஎம் 3380 என்ற பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, 100 மெகாபைட் கொண்ட சிறிய டிஸ்க்குகளை அணிசேர்க்கலாம் என்பதே அவர்கள் வாதம். பின்னாளில் அந்த ‘ஐ’ ‘இன்டிபென்டன்ட்’, தனித்தனியானது, என்று மாறிவிட்டது. எனக்கு முதற்பெயரே பிடித்திருக்கிறது. எளியவர் வாங்கக்கூடிய பொருளைக் கொண்டு பெரிய பாதுகாப்பைக் கட்டலாம் என்ற நோக்கம் அதில்தான் இருந்தது.

ஏற்கெனவே ஓடும் லினக்ஸ் கணினியில் மிரர் அமைக்கும்போது இன்னொரு சொல் வருகிறது: ‘மிஸ்ஸிங்’. பழைய டிஸ்க்கில் தரவு இருப்பதால் அதை உடனே சேர்க்க முடியாது. புது டிஸ்க்கை மட்டும் வைத்து, ஜோடியின் இடத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று கட்டளையில் எழுதி, பாதி மிரரைத் தொடங்குகிறோம். தரவை அதற்கு மாற்றி, கணினி அதிலிருந்தே கிளம்புகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதைச் சேர்க்கவேண்டும். சேர்த்ததும் பழையதன் மேல் எல்லாம் புதிதாக எழுதப்படும். எது மூலம், எது படிமம் என்று இங்கே தடுமாறினால் எல்லாம் போச்சு. ஆகவே தொடங்கும் முன்பே வெளியே ஒரு நகல் எடுத்து, கணினியோடு சேராமல் வைத்துவிடுங்கள்.