ஆலை வாசலும் காமிராவும்

டாக்குமெண்டரி என்ற சொல்லுக்கு நம் ஊர்க் கொட்டகைகளில் வெகு காலம் ஒரே அர்த்தந்தான் இருந்தது: முறுக்கு வாங்கி வரக் கிடைத்த அவகாசம். 1948இல் ஏற்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் அணைக்கட்டையும் வெள்ளத்தையும் மந்திரிகளின் விஜயத்தையும் படம் பிடித்து அனுப்பும். கொட்டகைக்காரர் சட்டத்துக்குப் பயந்து காட்டுவார். ஜனங்கள் எப்போது கதை தொடங்கும் என்று காத்திருப்பார்கள். அந்த அலுப்பு எனக்கும் உண்டு. ஆயினும் சென்ற மாதம் சில ஆவணப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். பார்த்த இடம் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. வெம்பக்கோட்டைக்கு அருகே, சிமெண்டு ஆலையுள்ள கரிசல் காட்டு ஆலங்குளம். இடத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் பார்த்தது ஒரு நிமிஷங்கூட ஓடாத படம். 1895இல் பிரான்ஸ் தேசத்து லூமியேர் சகோதரர்கள் லியோன் நகரில் எடுத்தது. ஆலையின் கதவு திறக்கிறது. தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வெளியே வருகிறார்கள். இடமும் வலமுமாகப் பிரிந்து போகிறார்கள். அவ்வளவுதான். சினிமா என்னும் மகா சமுத்திரத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று இது. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆலை அவர்களுடையது. படம் எடுத்தவர்களும் அவர்கள்தாம். முதலாளியின் காமிரா தெருவில் நின்றுகொண்டு, வேலை முடிந்து போகிறவர்களைப் பார்க்கிறது, உள்ளே போகவில்லை. இந்தக் காட்சியை மூன்று தடவை எடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "உள்ளதை உள்ளபடி காட்டும் படம்" என்ற பேச்சைச் சற்று அடக்கித்தான் சொல்ல வேண்டும்.

1922இல் வெளிவந்த ஃப்ளாஹர்ட்டியின் "நானூக்" விஷயமும் அப்படித்தான். துப்பாக்கி பிடித்துப் பழகிவிட்ட எஸ்கிமோவின் கையில் ஈட்டியைக் கொடுத்து வேட்டையாடச் சொன்னார். உள்ளே வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பனி வீட்டைப் பாதியாக வைத்துக் கட்டச் செய்தார். படம் அழகானது, சந்தேகமில்லை. எனக்கு மட்டும் அந்தப் பாதி வீட்டில் குளிருக்கு நடுங்கியவர்கள் ஞாபகமாகவே இருந்தது.

அதே 1922இல்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். சில மாதம் இருந்து கற்றுத் திரும்பி, 1923இல் தொழிலைத் தொடங்கினார்கள். ஸ்வீடன் தேசத்து முதலாளிகளின் விம்கோ கம்பெனி இந்தியாவில் கால் வைத்ததும் அதே ஆண்டுதான். இயந்திரத்துக்கு எதிரே கை நின்று போட்டி போட்டது; கை தோற்கவுமில்லை. மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைத்து வானத்தைப் பார்த்திருந்த பூமியில் வாரச் சம்பளம் என்ற ஒன்று வந்தது. ஜனங்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. "தீப்பெட்டி ஆபீஸ்" என்றார்கள். பட்டாசு வந்த பிறகு அது "வெடி ஆபீஸ்" ஆயிற்று. எட்டு வயதுப் பெண்ணும் "ஆபீசுக்குப் போறேன்" என்றுதான் சொன்னாள். அந்த வார்த்தையில் ஒரு மிடுக்கு இருந்தது. விடியுமுன் ஊர் ஊராக வந்து நின்ற கம்பெனி பஸ்ஸில் அவள் தூக்கக் கலக்கத்தோடு ஏறியதை அந்த வார்த்தை சொல்லாது.

அதைச் சொன்னது 1990இல் வந்த "குட்டி ஜப்பானின் குழந்தைகள்". எடுத்தவர் பெங்களூர்க்காரரான சலம் பென்னூர்கர். தலைப்பிலேயே காரியத்தை முடித்துவிட்டார். சிவகாசியின் சுறுசுறுப்பைப் புகழ்ந்து நேரு கொடுத்த பட்டம் "குட்டி ஜப்பான்" என்பார்கள். ஊருக்குச் சூட்டிய "குட்டி" அந்தப் படத்தில் கட்டை அடுக்கும் விரல்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. லியோன் நகரத்துக் காமிரா வாசலோடு நின்றது. இது வாசலைத் தாண்டிப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. இடையில் தொண்ணூற்றைந்து வருஷம்.

சட்டம் அதற்குள் வந்திருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பதினான்கு வயது நிறையாதவர்களைத் தீப்பெட்டி, வெடித் தொழில்களில் வைக்கக் கூடாது என்றது. ஆனால், குடும்பத்தார் கூடிச் செய்யும் வேலைக்குத் தடையில்லை என்று ஒரு வழியும் விட்டிருந்தது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளை அந்த வழியாகவே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. படம் வந்த அதே 1990இல், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தயாரிப்பு நடக்கும் இடத்துக்கு அப்பால் கட்டுப் போடும் வேலையில் பிள்ளைகளை வைக்கலாம், பெரியவர் கூலியில் நூற்றுக்கு அறுபது பங்கு கொடுக்க வேண்டும் என்று சொல்லிற்று. ஆறு வருஷம் கழித்து, 1996 டிசம்பரில்தான், வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளை ஒன்றுக்கு இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. பிஞ்சு விரலின் வேகத்துக்கு அறுபது பங்கு என்ற கணக்கை எந்தத் தராசில் நிறுத்தார்களோ!

"இப்படிப் படமெடுத்து ஊர் மானத்தை வாங்கிவிட்டார்கள், பிழைப்பில் மண் விழுந்தது" என்று இந்தப் பக்கத்தில் சொல்பவர்கள் உண்டு. அவர்களை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். மழை பொய்த்த வருஷத்தில் அடுப்பெரிந்தது யாரால் என்று கேட்டால், ஆபீசால்தான் என்று நானே பதில் சொல்வேன். ஆனால் ஊர் மானம் என்பது பிள்ளைகளைப் படம் பிடித்தவனால் போவதா, பஸ்ஸில் ஏற்றியவனால் போவதா? பென்னூர்கர் கட்சியில்தான் என் கை தூக்கும்.

திவ்யா பாரதியின் "கக்கூஸ்" 2017இல் வந்தது. மனித மலத்தை மனிதன் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் மற்றொரு சட்டமும் தடுத்த பிறகு, அள்ளுகிற கையை அது காட்டிற்று. முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும் இடங்களிலும் காமிரா திரும்பவில்லை. ஒரே மூச்சில் பார்க்க என்னால் முடியவில்லை. இரண்டு இரவு ஆயிற்று.

இவற்றோடு, வெடி விபத்துகளின்போது டெலிவிஷன்காரர்கள் எடுத்த துண்டுப் படங்களையும் பார்த்தேன். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். புகை, ஆம்புலன்ஸ், மார்பில் அடித்துக்கொள்ளும் பெண்கள், நிவாரணத் தொகை. எந்த வருஷத்து விபத்தை எடுத்துப் பார்த்தாலும் இந்த நான்குந்தான். தேதியை மாற்றி ஒட்டினாலும் தெரியாது. புகை அடங்கிய மறுநாள் காமிரா ஊரில் இருப்பதில்லை. மருந்து கலக்கிய கை யாருடையது, எத்தனை பேர் இருக்க வேண்டிய அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், இறந்தவளுடைய பிள்ளையை இப்போது பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார் என்பதெல்லாம் மறுநாளைக்குரிய கேள்விகள்.

காத்திருப்பதற்கு ஏ. கே. செட்டியாரைத்தான் சொல்ல வேண்டும். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றிப் படமெடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேசம் தேசமாக அலைந்து, பிறர் எடுத்து மறந்த சுருள்களைத் தேடிப் பிடித்து, 1940இல் தமிழில் வெளியிட்டார். கையில் பணமுமில்லை, ஆள்கிறவர்களின் தயவுமில்லை.

"குட்டி ஜப்பானின் குழந்தைகள்" எடுத்தபோது பத்து வயதாயிருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருக்கலாம். ஆலங்குளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சுவரில் வேட்டியைக் கட்டியாவது, அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் போட்டுக் காட்ட வேண்டும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, அவர்கள் பேசுவதை யாராவது படம் பிடிக்கட்டும்.