ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி

சென்னை நந்தனத்தில் அடையாற்றங்கரையை ஒட்டி அமைந்திருப்பதும், 1920-ஆம் ஆண்டில் ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கரால் தொடங்கப்பெற்றதும், பள்ளிக்கூடங்களுக்குத் தேகப்பயிற்சி ஆசிரியர்களை ஆயத்தம் செய்வதையே முதற்காரியமாகக் கொண்டதுமான கிறிஸ்தவக் கல்வி ஸ்தாபனம் இது. இவ்வகைக் கல்லூரிகளுள் ஆசியாவிலேயே இதுதான் முதலாவது என்பர் கல்லூரியார். புத்தகக் கண்காட்சிக்குப் போய்வந்த பழக்கத்தால் இக்கல்லூரி மைதானத்தை அறிந்தவர் பலர். அதன் பூர்வோத்தரம் தெரிந்தவர் சிலரே.

1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கம் ஆதியில் பிரார்த்தனைக்கும் வேதபாடத்துக்கும் கூடிய சிறு கூட்டமாகவே இருந்தது. அது அமெரிக்காவில் வேரூன்றியபின், புத்தியும் தேகமும் ஆன்மாவும் ஒருங்கே வளர்ந்தாலன்றி மனிதன் பூரணனாகான் என்னும் கொள்கை அதன் முக்கோணச் சின்னமாகவே உருப்பெற்றது. மாசச்சூசட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அச்சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியில்தான் 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். நான்காண்டுகளுக்குப் பின், அருகிலுள்ள ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் வாலிபாலை வகுத்தார். பக் அந்த ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பயின்றவர். 1919-இல் சென்னை வந்து சேர்ந்தார்.

அக்காலத்துப் பள்ளிகளில் தேகப்பயிற்சி என்றால் டிரில்தான். பட்டாளத்தில் பென்ஷன் பெற்று வந்த ஒருவர், சிப்பாய்களுக்கு இட்ட உத்தரவுகளையே பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் இட்டு, இடமும் வலமும் திருப்பி நிறுத்திக் கலைத்துவிடுவார்; அதில் பிள்ளைகளுக்கு உற்சாகமும் இல்லை, உடம்புக்குப் பெரிய லாபமும் இல்லை. இந்நிலையை மாற்றுவதற்கு மைதானங்களையும் கருவிகளையும் காட்டிலும் ஆசிரியர்களே முதலில் வேண்டும் என்று கண்டதே பக்கின் தீர்க்கதரிசனம். சரீர சாஸ்திரமும் சுகாதாரமும் கற்று, ஓட்டம், தாண்டல், பந்தாட்டங்கள் ஆகியவற்றோடு சடுகுடு முதலிய தேசிய விளையாட்டுக்களையும் பழகியவரே ஆசிரியராகத் தகுந்தவர் என்று அவர் கருதினார். மேல்நாட்டார் ஒருவர் சடுகுடுவைப் பாடத்திட்டத்துக்குள் அனுமதித்தது அந்நாளில் சிறிய காரியமன்று. பிற சமயத்து இளைஞரும் தாராளமாகச் சேர்ந்து பயின்றனர். அவருடைய மனைவி மேரி பக்கும் இப்பணியில் உடன் உழைத்தார்.

1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்குப் பக்கே மானேஜர். நீளத்தாண்டலில் தலிப் சிங்கும், தடையோட்டத்தில் சென்னை மாகாணத்து லட்சுமணனும் அக்கோஷ்டியில் இருந்தனர். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியபோது சர் தோராப்ஜி டாட்டா தலைவரானார், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த நோரன் காரியதரிசியானார். இந்திய விளையாட்டு நிர்வாகத்தின் ஆரம்பகாலச் சரித்திரத்தில் ஒய்.எம்.சி.ஏ.வினரின் கைரேகை படியாத பக்கம் குறைவு.

எனினும், இக்கல்லூரியின் பெருமையை ஒலிம்பிக்கில் தேடுவதைவிட ஜில்லாப் பள்ளிகளில் தேடுவதே நியாயம். தென்னார்க்காட்டில், கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலானாலும் சிதம்பரத்துப் பள்ளி மைதானங்களிலானாலும், கழுத்தில் விசிலும் காலில் கான்வாஸ் ஷூவுமாக நின்று, கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி, 60 அடி நீளமும் 30 அடி அகலமுமாக வாலிபால் கோர்ட் போடுகிற பி.டி. மாஸ்டர் ஊரார் அனைவருக்கும் பழக்கமானவர். அவர் எங்கே படித்திருந்தாலும் அவர் கற்ற முறைக்கு மூலம் நந்தனமே. இரண்டு கம்பும் ஒரு வலையும் இருந்தால் போதுமாதலால் வாலிபால் கிராமங்களில் எளிதாய்ப் பரவிற்று. பலகையும் வளையமும் சமதரையும் வேண்டிய கூடைப்பந்தோ பெரும்பாலும் நகரங்களிலேயே தங்கிற்று.

1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பிற்காலத்தில் உடற்கல்வித்துறை ஏற்பட்டமையால், இப்பகுதி மாணவர் இக்கல்விக்காகச் சென்னைக்கே போகவேண்டிய அவசியம் நீங்கிற்று. ஆயினும் பள்ளிக் கால அட்டவணையில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் மட்டும் இன்னும் நீங்கவில்லை. பக் செய்த வேலையில் பாதி பாக்கியிருக்கிறது என்றே சொல்லவேண்டும்.

பக் 1943-இல் காலமானார். கல்லூரி இப்போது தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்று நடைபெற்று வருகிறது.