திண்ணைவரை வரும் உரிமை: புதுவைத் தமிழ் வீதிகளில் மரபுக் காப்பும் சொத்துரிமையும்

புதுச்சேரிக் கடற்கரையில் பிரெஞ்சு ஆட்சியின் நகரமன்றமாக விளங்கிய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில், அதே தோற்றத்தில், ஏறத்தாழ 15 கோடி ரூபாய் செலவில் எழுப்பிய கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. விழுந்தது தனியார் வீடன்று, அரசுக் கட்டடம். பழைய வீடுகள் அழிவதைப் பற்றிய பேச்சில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் எப்போதும் வீட்டுக்காரரே என்பதால் இந்நிகழ்விலிருந்து தொடங்குவது பொருத்தம். சொத்துரிமையும் மரபுக் காப்பும் இயல்பிலேயே பகை என்ற எடுகோளை இக்கட்டுரை ஏற்கவில்லை. ஒரு வீட்டில் பொதுமக்களுக்கு உள்ள உரிமை எதுவரை, அந்த அளவுக்கான பழுதுச் செலவு யாருடையது என்ற இரு கேள்விகளும் சேர்ந்தே விடை காணப்பட வேண்டியவை என்பதே இதன் வாதம்.

புதுவையின் தொன்மை அதன் சுவர்களைவிடத் தெருக்களில்தான் கூடுதலாக இருக்கிறது. நேர்கோட்டுத் தெருக்களின் அமைப்பு 1690களில் நகரை வைத்திருந்த டச்சுக்காரர்களின் வரைபடத்தில் காணக்கிடைக்கிறது. 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து பழைய தெருக்கோட்டின் மீதே மீண்டும் கட்டினர். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கிய பிரெஞ்சு வீடுகள். மேற்கே தெருவை நோக்கித் திறந்த தமிழ் வீடுகள். மேற்குப் பகுதி வீட்டின் முகப்பு இரண்டு அடுக்காக அமைந்தது. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கும் சாய்கூரையுடன் தாழ்வாரம்; அதையடுத்துச் சற்றே உயர்ந்த திண்ணை. தாழ்வாரத்தின் நிழல் நடந்து போகிறவருக்கு. திண்ணை வருகிறவருக்கும் வழிப்போக்கருக்கும். வாசற்கதவுக்கு அப்பால் முற்றமும் அறைகளும் குடும்பத்துக்கு. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, சொந்தப் பணத்தில் கட்டிய வீட்டில் ஊருக்கு ஒரு பங்கை வீட்டுக்காரரே ஒதுக்கியிருந்தார்.

இன்றைய கொள்கைக்கு இதுவே உள்ளூர் அடித்தளம் என்பேன். தெருமுகமும் உயரமும் ஊரின் அக்கறைக்கு உட்பட்டவை. உள்ளே குளியலறையை எங்கே வைப்பது, அறையை எப்படிப் பிரிப்பது என்பன குடும்பத்தின் விருப்பம். புதுவையின் வைசியாள் வீதியில் மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தின்கீழ் செய்த வேலை ஏறக்குறைய இந்த எல்லைக்குள் நின்றது. வீட்டு முகப்புகள் வரிசையாகச் சீரமைக்கப்பட்டன, உரிமையாளரின் ஒப்புதலோடு நடந்தது, வெளிப்பணம் வந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுக் காப்பு விருதும் கிடைத்தது. அங்கே சட்டத்தின் அச்சுறுத்தலைவிடப் பணமும் கொத்தனாருமே வேலை செய்தார்கள்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால் வீட்டுக்காரரின் பிடி முன்போல் வலுவாக இல்லை. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கி 300அ பிரிவுக்கு மாற்றியது. சொத்தைப் பறிக்கப் பொதுநோக்கம் தேவை, இழப்பீடும் அப்பிரிவில் உள்ளடங்கியதே என்று கே.டி. பிளான்டேஷன் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது உண்மைதான். ஆனால் ‘இடிக்காதே’ என்று சொல்வது பறிப்பாகுமா? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் பென் சென்ட்ரல் வழக்கில் ஆகாது என்றது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்ப அனுமதி மறுக்கப்பட்டாலும், நிலையத்தை அதன் உரிமையாளர் நிறுவனம் முன்போலவே நடத்தலாம், கட்டாத உயரத்துக்கான உரிமையை வேறு மனைக்கு மாற்றலாம் என்பன முக்கியக் காரணங்கள். மும்பை 1995இல் கொண்டுவந்த மரபுக் கட்டட விதிகளும் மாற்றத்தக்க கட்டுமான உரிமைக்கு இடம் தந்தன. மனைவிலை வானைத் தொடும் மாநகரத்தில் அந்த உரிமைக்கு விலை உண்டு. சிறிய ஊரில் அதை வாங்க ஆள் வேண்டுமே!

இழப்பீடே இல்லாத கட்டுப்பாடு எப்படி இருக்கும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தம் மத்தியத் தொல்லியல் சட்டத்தில் வரையறுத்தது. மாமல்லபுரத்தில் இந்த வட்டத்துக்குள் குடியிருப்பவர் சுமப்பது உலகம் முழுவதும் வந்து பார்க்கும் ஒன்றின் பாரம். சின்னத்தின் தன்மை, தெருவின் போக்கு எதையும் பாராமல் நாடா பிடித்து அளந்த கோடு அது.

எனினும் சட்ட விவாதம் தவறவிடும் இடம் வேறு. ‘இடிக்காதே’ என்ற ஆணையால் பழைய வீடு பிழைக்காது. புதுவை வீடுகளின் மேல்தளத்தைக் கவனியுங்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் தளம். சுவரில் ஓர் அரசங்கன்று வேர்விட்டால் போதும். விரிசல் வழியே நீர் இறங்கும். சுவருக்குள் பதிந்த கட்டை முனைதான் காற்றுப் படாமல் முதலில் உளுக்கும். கீழே நின்று பார்ப்பவருக்குத் தளம் நன்றாகவே தெரியும். கட்டையை மாற்றத் தேக்கு வேண்டும், சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், இரண்டும் அரிது. நான்கைந்து மழைக்காலம் சும்மா இருந்தால் வீடு தானே விழும். அதற்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி பெற வேண்டியதில்லை. மேரி கட்டடத்தையும் யாரும் இடிக்கவில்லை.

தெருமுகத்தோடு நிறுத்தினால் எஞ்சுவது நாடகத் திரைதானே என்ற மறுப்பு வரும். செட்டிநாட்டைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி. அங்கே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும் வீட்டின் அருமை உள்ளே உள்ள வளவிலும், பட்டாலையிலும், பர்மா தேக்குத் தூண்களிலும் இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றது முகப்புக்காக மட்டுமன்று. ஆனால் அங்கே வீட்டைத் தின்பது தனியுரிமையின் மிகுதியா? தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகி, ஒரு வீட்டுக்குப் பல பத்துப் பங்குகள் ஆகின்றன. முன்னோர் படைப்பும் கல்யாணமும் இல்லாத நாளில் வீடு பூட்டிக்கிடக்கிறது. பழுதுக்குப் பணம் போட ஒருவர் முன்வந்தால் மற்றவருக்குச் சந்தேகம். வீட்டைப் பங்கு போட முடியாது. தூணையும் நிலைக்கதவையும் விற்ற பணத்தைப் பங்கு போடலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் சரக்கு வரும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆகவே அங்கே தேவைப்படுவது பங்காளிகள் ஒரே அறக்கட்டளையாகச் சேர வழிசெய்யும் எளிய சட்டமும் பதிவுக் கட்டண விலக்கும். புதுவைக்குப் பொருந்தும் முகப்பு விதி அங்கே எதையும் காக்காது.

தமிழ்நாட்டு மரபு ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டும் 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. தாமதத்தைவிட எனக்குக் கவலை தருவது, இத்தகைய சட்டங்கள் பட்டியலிடுவதைக் காப்பதாகவே கருதிக்கொள்வது. பட்டியலில் ஏறிய அன்றே வீட்டின் விற்பனை மதிப்பு குறைகிறது என்ற அச்சம் பரவினால், அரசாணைக்கு முந்தைய இரவே கடப்பாரை வேலை தொடங்கிவிடும். தனியார் வீட்டைப் பட்டியலிடும் ஆணையிலேயே அதன் எந்தப் பகுதி கட்டுப்பாட்டுக்குள் வருகிறது, சொத்துவரியில் எவ்வளவு தள்ளுபடி, தளப் பழுதுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு மானியம், எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து என்பன எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொகையை ஒதுக்க முடியாத அரசுக்கு அந்த வீட்டைப் பட்டியலிடும் தகுதி இல்லை.