தோண்டலும் வெட்டலும் துளைத்தலும்: ஆங்கில வினைச்சொற்களில் உழைப்பின் வரலாறு

முன்னுரை

தோண்டுதல், வெட்டுதல், துளைத்தல் ஆகிய மூன்றும் மனிதன் கருவி ஏந்திய நாள்முதல் செய்துவரும் தொழில்கள். இவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் பல வினைச்சொற்கள் உள்ளன. அகராதிகள் அவற்றை ஒருபொருட் பன்மொழிகள்போல் அடுக்கித் தருகின்றன. ஆயின் வரலாற்று நோக்கில் காணுமிடத்து, ஒரு சொல் மற்றொன்றை இடம்பெயர்த்த தடங்களே அவற்றில் தென்படுகின்றன. அத்தடங்கள் சிலவற்றையும், அவை நம் நாட்டுத் தோட்டப்புற வரலாற்றைத் தொடும் இடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

தோண்டும் சொற்கள்

பழைய ஆங்கிலத்தில் மண்ணைத் தோண்டுவதற்குரிய பொதுவினை 'டெல்வ்' என்பதன் முன்வடிவமே. 1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியில் ஜான் பால் என்னும் சமயகுரு, ஆதாமின் காலத்தில் உயர்குடி என ஒன்று இருந்ததா என்னும் கருத்தமைந்த ஈரடியை முன்வைத்து உரையாற்றினார். அதில் ஆதாமின் உழைப்பைக் குறிப்பது 'டெல்வ்' என்னும் சொல்லே.

அதே நூற்றாண்டில் 'டிக்' என்னும் சொல்லும் வழக்கில் பரவியது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அதன் இறந்தகால வடிவம் 'டிக்டு' என்றே காணப்படுகிறது. இன்றைய 'டக்' பின்னரே நிலைபெற்றது. 1649 ஏப்ரலில் ஜெரார்டு வின்ஸ்டன்லியும் அவருடைய தோழர்களும் சர்ரே பகுதியின் செயின்ட் ஜார்ஜ் குன்றில் பொதுநிலத்தைத் தோண்டிக் காய்கறி பயிரிட்டனர். நிலம் அனைவர்க்கும் பொது என்பது அவர்தம் கொள்கை. மக்கள் அவர்களை 'டிக்கர்ஸ்' என அழைத்தனர். ஓராண்டிற்குள் அவர்கள் விரட்டப்பட்டனர்.

நில உரிமை பற்றிய குரல் 1381இல் 'டெல்வ்' என்னும் சொல்லோடும், 1649இல் 'டிக்' என்னும் சொல்லோடும் இணைந்து ஒலித்ததை நாம் நோக்குதல் வேண்டும். மண்வெட்டியை 'டிக்'கிடம் ஒப்படைத்த 'டெல்வ்', இன்று பெரும்பாலும் ஆவணங்களையும் நினைவுகளையும் ஆராய்வதற்கே பயன்படுகிறது. தமிழில் நாம் 'தோண்டித் துருவிக் கேட்டல்' என்பதும் இத்தகைய பொருள் விரிவே.

வெட்டும் சொற்கள்

'கட்' என்னும் சொல் பழைய ஆங்கில நூல்களில் காணப்படவில்லை. வெட்டுதலுக்கு அன்று பெருவழக்காயிருந்தது 'கார்வ்' என்பதன் முன்வடிவம். 'கட்' பரவிய பின்னர் 'கார்வ்' மரத்திலும் கல்லிலும் உருச் செதுக்குதல், சமைத்த இறைச்சியை அரிதல் எனக் குறுகியது.

வெட்டுதல் கணக்கையும் ஆண்டது. 'ஸ்கோர்' என்பது வடபுலத்து நோர்ஸ் மொழியில் வெட்டுக்குறியைக் குறித்தது. இருபது என்னும் எண்ணுக்கும் அதுவே பெயராயிற்று. இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் 1826வரை 'டாலி' என்னும் வெட்டுக்குறிக் கோல்களில் கணக்கு வைத்திருந்தது. பழங்கோல்களை 1834 அக்டோபர் 16இல் எரித்தபோது தீ மிகுந்து நாடாளுமன்றக் கட்டடமே அழிந்தது.

துளைக்கும் சொற்கள்

துளையிடுதலுக்குரிய பழஞ்சொற்களுள் ஒன்று 'தர்ல்'. மூக்குத்துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்பதன் பிற்பகுதியில் அதன் இனச்சொல் மறைந்துள்ளது. 1066இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சு மொழிவழி 'பியர்ஸ்' வந்தது. 'தர்ல்' ஒலி இடம்மாறித் 'திரில்' ஆகி, உள்ளத்தைத் துளைக்கும் உணர்ச்சிக்குப் பெயராயிற்று. 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியிலிருந்து வந்த 'டிரில்' சுழற்றித் துளையிடுதலையும் படைவீரரைப் பயிற்றுதலையும் ஒருங்கே குறித்தது.

நம் மண்ணில் 'டேப்'

'டேப்' என்பது பழைய ஆங்கிலத்தில் மதுப்பீப்பாயின் துளையை அடைக்கும் முளையைக் குறித்த சொல். பீப்பாயைத் திறந்து வடிப்பது வினையாயிற்று. பின்னர் மரத்திலிருந்து சாறு எடுப்பதற்கும் அதுவே ஆளப்பட்டது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் அங்குத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற எச். என். ரிட்லி, பட்டையை மெல்லிய சீவல்களாக அகற்றி, அதே வெட்டுவாயை மீண்டும் திறக்கும் முறையை 1890களில் வகுத்தார்.

இத்தொழிலை ஆங்கில ஆவணங்கள் 'டேப்பிங்' என்றன. தோட்டத் தமிழர் 'பால்வெட்டு' என்றும் 'மரம் சீவுதல்' என்றும் வழங்கினர். தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்குதலைக் குறிக்கும் வினையும் இதுவே என்பது ஒப்புநோக்கத்தக்கது. கத்தி ஆழப் பதிந்தால் மரத்தின் வளர்படலம் காயமுறும். மேலோடு நின்றால் பால் குறையும். இந்நுட்பத்தைச் 'சீவுதல்' உணர்த்துகிறது. ஆங்கிலச் சொல்லோ முளையைப் பிடுங்கினால் தானே வழியும் பீப்பாயை நினைவூட்டுகிறது. விளைச்சல் அச்சொல்லில் தெரிகிறது. வெட்டிய கை தெரியவில்லை.

முடிவுரை

புதிய சொல் கருவியைக் கைப்பற்றும்போது பழைய சொல் பெரும்பாலும் கலைக்கோ உள்ளத்திற்கோ ஒதுங்குகிறது என்பது மேற்கண்ட சான்றுகளால் புலனாகும். ஆகவே ஆங்கில ஆவணங்களைக் கொண்டு தோட்டப்புற வரலாற்றை எழுதும் நாம், 'டேப்பர்' என்பதை 'வடிப்பவர்' எனப் பெயர்த்தல் பொருந்தாது. அத்தொழிலாளர் தமக்கு இட்டுக்கொண்ட 'பால்வெட்டுத் தொழிலாளர்' என்னும் பெயரையே ஆளுதல் வேண்டும். அவர்தம் கைத்திறனுக்குச் சான்று அச்சொல்லிலேயே உள்ளது.