கவ்விக்கொண்டு வந்த கவுதாரி

எங்க ஊர்க் கோயில் கதையே ஒரு வேட்டையில்தான் ஆரம்பிக்கிறது. சிபிச் சக்கரவர்த்தி படையோடு இந்தப் பக்கம் வந்தப்ப ஒரு வெள்ளைப் பன்றி குறுக்கே ஓடிச்சாம். ராஜா துரத்த, அது ஒரு புற்றுக்குள்ளே போய் மறைஞ்சிடுச்சாம். அங்கே தவத்தில் இருந்த மார்க்கண்டேயர் சொல்லித்தான் வந்தது பெருமாள் என்று அவருக்குத் தெரிஞ்சது. திருவெள்ளறைக்கு வந்தவங்க இந்தத் தல புராணத்தைக் கேட்டிருப்பீங்க.

அதே சிபி பெயரில் இன்னொரு கதையும் உண்டு. நாம எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படிச்சதுதான். பருந்துக்குப் பயந்து வந்த புறாவைக் காப்பாத்த, தன் சதையை அறுத்துத் தராசில் வைத்தார். வேட்டைக்கு வந்தவரும் சிபிதான், பறவைக்காகச் சதையைக் கொடுத்தவரும் சிபிதான். எங்க பக்கத்துப் பறவை வேட்டையை நினைச்சா எனக்கு ரெண்டு கதையும் சேர்ந்தேதான் ஞாபகம் வருது.

எனக்குப் பத்து வயசு இருக்கும். 1980-ஐ ஒட்டின ஒரு தை மாசம். சோளம் அறுத்த கொல்லை, பனி இன்னும் இறங்கிட்டிருக்கு. மாமா கையில் பயிர்க் காவலுக்குன்னு லைசென்ஸ் வாங்கின ஒத்தைக்குழல் துப்பாக்கி. முன்னால மணி. நாட்டு நாய்தான். குட்டியா இருந்தப்ப கொட்டாங்கச்சியைத் தூக்கிப் போட்டு எடுத்துவரப் பழக்கினது, அவ்வளவுதான் பயிற்சி. வேலியோரம் மணி மோப்பம் பிடிச்சு நுழைய, கவுதாரி ரெண்டு படபடன்னு கிளம்பிச்சு. மாமா சுட்டார். ஒண்ணு தள்ளாடி விழுந்து முள்ளுக்குள்ளே ஓடிப்போச்சு.

அடிபட்ட கவுதாரியை மனுஷன் தேடிப் பிடிக்க முடியாது. மண்ணும் அதுவும் ஒரே நிறம். ஓடி ஒளிஞ்சா அசையாது. மணி உள்ளே போய் கொஞ்ச நேரத்தில் வாயில் கவ்விட்டு வந்து மாமா கையில் விட்டது. ஒரு றெக்கை ஒடிஞ்சிருந்தது. ஆனா பல் பட்ட இடம் ஒண்ணுகூட இல்லை. கண்ணை முழிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தது.

“உயிரோட இருக்கே மாமா.”

“அதுக்குத்தான்டா நாய். இது தேடலேன்னா முள்ளுக்குள்ளே கெடந்து ரெண்டு நாள் துடிச்சுல்ல சாகும்” என்றார். சொல்லிக்கிட்டே கழுத்தைத் திருகிட்டார். அன்னைக்கு நானும் அந்தக் கறியைச் சாப்பிட்டேன். ருசியா இருந்துச்சு, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

மணி மாதிரி நாய்களுக்கு நம்ம நாட்டில் கல்லே நட்டிருக்காங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. 7-ம் நூற்றாண்டு. மாடு பிடிச் சண்டையில் செத்த வீரன் பக்கத்திலேயே அவனுடைய நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். ரெண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்னதை அந்தக் கல்லிலேயே வெட்டி வச்சிருக்காங்க.

கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூரில் கிடைச்ச கல் வேட்டை நாய்க்கே உரியது. 949-ல் தக்கோலத்தில் நடந்த சண்டையில் சோழ இளவரசன் ராஜாதித்தன் செத்தான். ஜெயித்த பக்கத்தில் இருந்த கங்க அரசன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் என்ன வேணும்னு கேட்டிருக்கான். அவன் கேட்டது காளி என்கிற நாயை. அந்த நாய் பிறகு ஒரு காட்டுப் பன்றியோடு மோதி, ரெண்டும் செத்துப் போச்சு. அதுக்குக் கல் நட்டு நிலமும் எழுதி வச்சாங்க.

சுட்ட பறவையை எடுத்து வர்றதுக்குன்னே நாயை வளர்த்தது வெள்ளைக்காரன். உங்க அபார்ட்மெண்ட்ல பந்து போட்டா எடுத்து வருதே லேப்ரடார், அது அந்த வேலைக்கு வந்த சாதிதான். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் இருந்த நாய்களை 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் கொண்டுபோய்ப் பழக்கினாங்க. பறவை நசுங்காம கவ்வணும், அதுதான் அதோட பெருமை.

இந்தியாவில் சுடுறதுக்கேத்த பறவைகளைப் பத்தி 1879 தொடங்கி மூணு பாகத்தில் புத்தகமே வந்தது. எழுதின ரெண்டு பேரில் ஒருத்தர் ஏ.ஓ. ஹியூம். பின்னால 1885-ல் காங்கிரசைத் தொடங்கினாரே, அவரேதான்.

துப்பாக்கி வந்த ஊரிலேயே எதிர்ப்பும் வந்தது. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டாங்க. ஊர்க்காரங்க கலெக்டரிடம் போய் நின்னாங்க. 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்தப் பறவைகளைத் தொடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தார். ஊர்க்காரங்க கேட்டதில் பாசமும் உண்டு, கணக்கும் உண்டு. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். விவசாயிக்கு இது உடனே புரியும்.

சட்டம் மெதுவாத்தான் வந்தது. 1887-லும் 1912-லும் வெள்ளைக்காரன் போட்டது, முக்கியமா, குஞ்சு பொரிக்கிற காலத்தில் பறவைகளைக் காப்பாத்த. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் சின்ன வேட்டைக்குத் தனி லைசென்ஸ் இருந்தது. மாமாவிடம் இருந்தது துப்பாக்கி லைசென்ஸ் மட்டும்தான். ஆக அந்தத் தை மாசக் காலையும் சட்டப்படி தப்புதான். ஊரில் யாரும் கேட்கலை. 1991-ல் திருத்தம் வந்து வேட்டை லைசென்ஸே இல்லாமப் போச்சு. அது சரியான முடிவுன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன்.

ஆனா அதுக்கு விலை கொடுத்தது யாரு? மாமா மாதிரி ஆளுக்குத் துப்பாக்கி போனா கவுதாரிக் கறி போச்சு, அவ்வளவுதான். நரிக்குறவர்களுக்கு அதுதான் சோறு. வலையும் நாட்டுத் துப்பாக்கியுமா எங்க கொல்லைகளைச் சுத்தினவங்க. கவுதாரி, காடையைக் காலைக் கட்டிச் சந்தையில் விற்பாங்க. அது நின்னதும் பாசிமணியும் ஊசியும் மட்டுமே பிழைப்பாச்சு. துவாக்குடி பக்கம் தேவராயநேரியில் அவங்க குடியிருப்பு இருக்கு. அவங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கிற மசோதா பார்லிமெண்டில் நிறைவேறினது 2022 டிசம்பரில். வேட்டையை நிறுத்தி 31 வருஷம் கழிச்சு.

விலையே கொடுக்காதவன் ஒருத்தன் இருக்கான். அது நான்தான். என் கொல்லையில் கவுதாரி குறைஞ்சது துப்பாக்கியால இல்லை. கிளுவை வேலியைப் பிடுங்கிட்டுக் கம்பி போட்டேன், அது அடைஞ்ச இடம் போச்சு. சோளத்தை விட்டேன், தீனி போச்சு. குருணை மருந்து போட்ட மறுநாள் வரப்பில் காடை செத்துக் கிடந்ததை நானே கையால எடுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணு ரெண்டு இல்லை. என்னை எந்தச் சட்டமும் கேட்கலை. மாமா சுட்டது உயிரோட முள்ளுக்குள்ளே கிடக்கக் கூடாதுன்னு ஒரு நாயையாவது கூட்டிட்டுப் போனார். நான் கொன்னதைத் தேடக்கூட ஆள் வைக்கலை.

அஞ்சு வருஷமா குருணை போடுறதில்லை. கிழக்கு மூலையில் கொஞ்ச தூரம் கிளுவை நட்டு, பக்கத்தில் ரெண்டு வரிசை கம்பு விதைச்சு அறுக்காம விடுறேன். இந்தத் தையில் விடியக்காலையில் அந்த மூலையிலிருந்து ஒரு ஜோடி கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு. சிபி தொடைச் சதையை வச்ச தராசில் நான் வச்சது அவ்வளவுதான், ஒரு மூலை வேலி.